என் ரத்தம், அவர் பெயர்

லீவு செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், லிஃப்டை விட்டுப் படியில் ஏற வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே, அது அத்தனையும் சரிதான். அதையே நானும் சொல்வதாக இருந்தால் சுவரே போதும், நான் எதற்கு? நான் சொல்லப் போவது நான் செய்த திருட்டுத்தனத்தைப் பற்றி. அதை எந்தச் சுவரிலும் ஒட்ட மாட்டார்கள்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்தவள் நான். முப்பத்து மூன்று வருஷம் மைன்ஸ் ஆபீஸில் லீவு செக்‌ஷனில் குப்பை கொட்டினேன். சுரங்கத்தை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே இறங்கும் ஆள் ஒவ்வொருவரும் எந்த மாசம் யார் கல்யாணத்துக்கு லீவு போட்டார், யாரைச் சாகடித்து லீவு போட்டார் என்பது எனக்கு அத்துப்படி. ஒருவர் தன் மாமனாரை மூன்று முறை கொன்றிருக்கிறார். மூன்றாம் முறை அந்த மாமனாரே லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை, அவர் எவ்வளவு குறைவாக எழுந்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் எடைபோடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபைலைத் தேடி நாம் போவோம். பத்து வருஷம் போனால் ஃபைல் நம்மைத் தேடி வரும். இருபது வருஷத்தில் டீ வரும், தபால் வரும், கையெழுத்து வாங்க ஆட்கள் வருவார்கள். கடைசியில் பிறந்தநாள் கேக்கைக்கூட மேஜைக்கே கொண்டுவந்து வெட்டினார்கள். நான் உட்கார்ந்தபடியே ஊதினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

எனக்கு உடம்பைப் பற்றிக் கவலையே கிடையாது. ஏனென்றால் நான் ஒல்லி. புடவையைக் கொடியில் காயப்போட்டது மாதிரி இருப்பேன். நெஞ்சுவலி என்பது தொப்பை வைத்த ஆம்பளைகளுக்கு வருவது, அதுவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று சாய்ந்தால்தான் அது நெஞ்சுவலி என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற ஏழெட்டு மாதம் இருக்கும்போது எனக்குப் பல்வலி வந்தது. இடது பக்கக் கீழ்த்தாடையில். வேடிக்கை என்னவென்றால் மெல்லும்போது வலிக்காது, ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது வலிக்கும். சீட்டில் போய் உட்கார்ந்ததும் நின்றுவிடும். பல் டாக்டர் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றுமே இல்லை, வேறு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். நான் விடுவேனா? என் பல்லைப் பற்றி என்னைவிட உங்களுக்குத் தெரியுமா என்று சண்டை பிடித்து, நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மூன்று நாள் லீவு வேறு, நானே எழுதி நானே பதிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆபீஸில் மருத்துவ முகாம் வந்தது. மீட்டிங் ஹாலில் வைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். பெயர் அடித்த ஸ்டிக்கரை டியூபில் ஒட்டிக் கொடுக்கும் வேலை லீவு செக்‌ஷனுக்கு, அதாவது எனக்கு. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வடலூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், தாராளமான உடம்பு. அவர் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். போன முகாமில் இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது என்று ரிப்போர்ட் வர, அந்த டீச்சர் ரிப்போர்ட்டை ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து இவர் வீட்டில் கத்தரிக்காயைக்கூடக் கெஞ்சித்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். முகாமுக்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்து குனிந்து நின்றார்.

"அக்கா, ஒரு ஒத்தாச பண்ணணுங்க."

"லீவா?"

"லீவு இல்லீங்க. ரத்தம்."

"யாருக்கு என்னாச்சு?"

"எனக்குத்தாங்க்கா. நாளைக்கு மட்டும் உங்க ரத்தத்துல என் பேர ஒட்டிடுங்க. நீங்க ஒல்லியா இருக்கீங்க, சுத்தமான ரத்தம். இந்தத் தடவையும் கூட வந்துச்சுன்னா வூட்ல எனக்குக் கஞ்சிதான். மூணு வேளையும் கஞ்சி. ரெண்டு மாசமா டீச்சருக்குத் தெரியாம பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு புரோட்டா துன்றேன்க்கா, பிச்சக்காரன் மாதிரி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஓய்வுபெறப் போகிறவள், என் ரிப்போர்ட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் அவர் ரத்தத்தில் என் பெயரையும், என் ரத்தத்தில் அவர் பெயரையும் ஒட்டினேன். ஒரு மனுஷனுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்த புண்ணியம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. பாதி வேலையில் டீ குடிக்கப் போய் வந்தேன். மிச்ச ஸ்டிக்கர்கள் மேஜைமேலேயே கிடந்தன.

நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் கட்டு என் மேஜைக்கு வந்தது. முதலில் என் பெயர் போட்டதைப் பிரித்தேன். அவருடைய ரத்தம். சர்க்கரை ஓரமாக ஒரு கோடு தாண்டியிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. அடுத்து அவர் பெயர் போட்டதைப் பிரித்தேன். சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கீழே, உடனே இதய மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

"பாவம், தின்னே கெட்டான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் ரத்தம் என்பது உறைத்தது.

அதற்குள் டீச்சர் கைப்பேசிக்கும் அந்த ரிப்போர்ட் போயிருந்தது. சாயந்திரமே புருஷனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் மாத்திரை எழுதி வாங்கிவிட்டார். மறுபடியும் ரத்தம் எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று சொல்லித் தப்பித்திருக்கிறார் இவர். மறுநாள் மதியம் என் மேஜைக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினார். வேகவைத்த புடலங்காய். உப்பில்லை, எண்ணெயில்லை.

"பாத்துக்கங்க்கா. உங்க வியாதிக்கு நான் பத்தியம் இருந்துகினு இருக்கேன்."

காகிதத்தில் மடித்த மாத்திரைகளை எடுத்து என் மேஜையில் வைத்தார். "இது உங்களுதுங்க. டீச்சரு எண்ணி எண்ணிக் குடுக்குது, நான் துப்பித் துப்பி எடுத்துகினு வரேன்."

"யார் மாத்திரையை யார் சாப்பிடறதுன்னு வெவஸ்தை இல்லையா? எடுத்துட்டுப் போப்பா."

"அப்ப நீங்க டாக்டராண்ட போங்க. இப்பவே வாங்க, நானும் வரேன். ரெண்டு பேரும் நெசத்த சொல்லிடுவோம்."

அந்த இடத்தில்தான் நான் கோட்டைவிட்டேன். நிஜத்தைச் சொன்னால் மெமோ வரும். அத்தனை வருஷம் அடுத்தவர்களுக்கு மெமோ டைப் அடித்துக் கொடுத்தவள் நான். போகும் நேரத்தில் என் சர்வீஸ் புக்கில் ஒரு கறை விழுவதா? வருஷக் கடைசி லீவுக் கணக்கை முடித்துவிட்டுக் கடலூரில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். அப்புறம் தினமும் புடலங்காயோடு வந்து, "இன்னிக்காவது போறீங்களா?" என்று கேட்பார். நாளைக்கு என்பேன். இப்படியே ஐந்து வாரம் ஓடியது.

ஒருநாள் காலை பதினொரு மணி. கணக்கு முடிய நாலு பக்கம்தான் பாக்கி. திடீரென்று தாடையில் அதே வலி. நாக்கால் தடவிப் பார்த்தேன். பல் இல்லை. பிடுங்கிய இடம் ஆறிக் கெட்டிப்பட்டிருந்தது. இல்லாத பல் எப்படி வலிக்கும் என்று யோசித்தேன். அந்த யோசனை அப்படியே முதுகுக்கு இறங்கியது. வேர்த்து ஊற்றியது, குமட்டியது.

அங்கே இருந்த ஒவ்வொருவரும் டாக்டராகிவிட்டார்கள். ஒருவர் ஓமவாட்டர் என்றார். ஒருவர் காலையில் என்ன சாப்பிட்டீங்க மேடம் என்று விசாரணை வைத்தார். வாட்ச்காரர் என்று ஒருவர் உண்டு. முப்பத்து நாலு வயசு, கையில் அடிகளை எண்ணும் கடிகாரம் கட்டியிருப்பார். ஆபீஸ் நடைப்போட்டியில் அவர்தான் எப்போதும் முதல். சீட்டில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி அடியை ஏற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் சோடா பாட்டிலோடு ஓடிவந்தார். "கேஸ்தான் மேடம். குடிச்சிட்டு ஒரு ஏப்பம் விடுங்க, சரியாயிடும்." நானும் அந்த நாலு பக்கத்தை முடிக்கும் ஆசையில் பாட்டிலை வாங்கினேன்.

பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி வைத்தார். "கேஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆம்புலன்ஸுக்கு சொல்லுங்கய்யா" என்றார். நான் நடந்தே போகிறேன் என்று எழுந்தேன். "உக்காருங்க்கா" என்று ஒரு அதட்டல். அத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். முதல் ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிப் பார்த்தார். இதோ, நாங்கள் ஏமாற்றிய ரிப்போர்ட் கண்முன்னால் வந்து நின்றது.

"அம்மா, சுகர், கொலஸ்ட்ரால் ஏதாவது இருக்கா? முகாம் ரிப்போர்ட்ல சுகர் ஒரு துளி கூட இருக்கு, மத்தபடி எல்லாம் நார்மலா இருக்கு. இங்கேயே வெச்சுப் பாக்கறதா, பாண்டிச்சேரிக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணணும். யோசிச்சு சொல்லுங்க."

கட்டிலின் கால்மாட்டில் எங்கள் ஆபீசர் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணும் இல்லம்மா. ரிப்போர்ட்ல இருக்கிறதுதான்."

இதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சில் யானை கால் வைத்திருக்கிறது, எதிரே காப்பாற்ற ஒரு பெண் நிற்கிறாள், நான் மெமோவுக்குப் பயந்து பொய் சொல்கிறேன். சாவைவிட மெமோ எனக்குப் பெரிதாக இருந்தது. நாற்காலி நம் இடுப்பைக் கெடுக்கும், ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்பார்கள். அது என் புத்தியையே கெடுத்து வைத்திருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் ஆபீசரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டாக்டரம்மா, அத நம்பாதீங்க. அது என் ரத்தம். அவங்க ரத்தம் என் பேர்ல இருக்கு. நாங்க ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டோம். என் பேரப் போட்டுப் பாருங்க, சீக்கிரம்."

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. அவர் பெயரைத் தட்டினார், சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்தார், உடனே இன்னொரு ஈசிஜி எடுத்தார். இந்த முறை கோடு மாறியிருந்தது. பத்து நிமிஷத்தில் என்னைப் பாண்டிச்சேரிக்கு ஏற்றிவிட்டார்கள்.

வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். "ஏன்யா உளறின? உனக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு" என்றேன்.

"பேசாம படுங்க்கா. அஞ்சு வாரம் உங்களுக்காகப் புடலங்கா துன்னுருக்கேன். நடுவுல நீங்க போய்ச் சேந்துட்டா நான் யாராண்ட போய்க் கணக்கு கேக்கறது?" என்றவர், நெல்லிக்குப்பம் தாண்டும் வரை என் கையை விடவில்லை.

ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கேஸ், சோடா என்று உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஆபீசுக்குப் போனேன். இரண்டு பேருக்கும் மெமோ தயாராக இருந்தது. ஆபீசர் நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், கவனக்குறைவால ஸ்டிக்கர் மாறிப்போச்சுன்னு விளக்கம் எழுதிக் குடுங்க. அவரையும் அப்படியே எழுதச் சொல்றேன். ஃபைலை மூடிடலாம். நீங்க மாலை போட்டுக்கிட்டு நிம்மதியாப் போலாம்."

கவனக்குறைவு என்ற வார்த்தையை அடுத்தவர்களுக்காக நான் எத்தனை முறை எழுதிக் கொடுத்திருப்பேன். பேனாவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்த டீ ஞாபகம் வந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஸ்டிக்கர்கள் மேஜையில் சும்மா கிடந்தன. எனக்குத் தோன்றிய புத்தி இன்னொருவருக்குத் தோன்றியிருக்காதா? இவர்கள் ஃபைலை மூடிவிட்டால் அந்த முகாமின் அத்தனை ரிப்போர்ட்டும் உண்மை என்று ஆகிவிடும். ஒருநாள் இன்னொரு டாக்டர் அதைப் பார்த்து ஏமாறுவார்.

வேண்டுமென்றே மாற்றினேன், ஒட்டியது என் கை, யோசனைக்கு நானும் உடந்தை, மற்ற ஸ்டிக்கர்களுக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது, எல்லோருக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "எழுதுங்க்கா. டீச்சருக்கே தெரிஞ்சுபோச்சு, இதுக்கு மேல எவன் என்ன பண்ணிடுவான்" என்றார்.

இருவருக்கும் எச்சரிக்கை கிடைத்தது. என் சர்வீஸ் புக்கின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது. வெறும் வயிற்றோடு மறுபடி வரிசையில் நின்ற மொத்த ஆபீசும் என்னை வைத வசவு இருக்கிறதே, அதை வெளியே சொல்ல முடியாது. எல்லோரையும்விட அதிகம் கத்தியவர் வாட்ச்காரர். "ரிடையர் ஆகப் போற நேரத்துல நல்லவங்களாயிட்டாங்க. இவங்க தப்புக்கு எங்களுக்கு ஊசியா? நான் குடுக்க மாட்டேன்" என்று நின்றார். ஆபீசர் உத்தரவு போட்ட பிறகுதான் கையை நீட்டினார்.

இரண்டாம் ரிப்போர்ட் கட்டும் என் மேஜைக்குத்தான் வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களைத் தவிர இன்னும் இரண்டு பேருடையது தலைகீழாக மாறியிருந்தது. ஒன்று வாட்ச்காரருடையது, மற்றது அவர் நண்பருடையது. நடைப்போட்டி சாம்பியனுக்கு என்னுடையதைவிட மோசம். முதல் தடவை ரத்தம் எடுத்தபோது அந்த நண்பரின் ரத்தத்துக்குத் தன் பெயரை ஒட்டியிருக்கிறார்.

தனியாகக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

"நீங்க மாத்தி ஒட்டினதப் பாத்துட்டுத்தான் மேடம் நானும் ஒட்டினேன். நீங்க பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?"

"எதுக்குப்பா பண்ணின? உனக்கென்ன புரோட்டா ஆசையா?" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை.

"எங்கப்பா நாப்பத்தாறு வயசுல போனாரு. இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டோட. எனக்கு என்ன இருக்குன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன். நீங்க தெரிய வெச்சுட்டீங்க."

அந்த வாரமே அவரையும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அவருக்கும் அடைப்பு, அவருக்கும் ஸ்டென்ட். நான் ஓய்வுபெற்ற அன்றைக்கு எல்லோரும் வந்து மாலை போட்டார்கள். அவர் வரவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முதலில் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் காய் வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். மகளை ஒரு தோளில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் பையோடு வந்தார். என்னைக் கண்டதும் விறுவிறுவென்று எதிர்ப்பக்கம் நடந்தார். மூச்சு வாங்கவில்லை. நான் அங்கேயே நின்று, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.